சட்டியில் ஓர் ஆலமரம்

"ஆலமரம் வாங்கிக்கொண்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு ஒருவன் துணிப்பையுடன் கிளம்பினால், நம் பாட்டனார் காலத்தில் அவனுடைய மூளையைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள். இன்று மயிலாப்பூரிலும் அடையாறிலும் அப்படிக் கிளம்புகிறவர்கள் அநேகம் பேர். திரும்பி வரும்போது பையில் மெய்யாகவே ஓர் ஆலமரம் இருக்கிறது. பர்ஸில்தான் ஒன்றும் இருப்பதில்லை.

என் வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு குள்ள மரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற நண்பர்கள் காப்பியைக் குடித்து முடித்ததும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நல்ல போன்சாய், விலை சகாயமாக, எங்கே ஸார் கிடைக்கும்?" நான் "நொச்சிக்குப்பத்தில்" என்கிறேன். கதை எழுதுகிறவன் எப்போதும் இப்படித்தான் பேசுவான் என்று அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரமும் சங்கராவும் கிடைக்கும். மரம் எப்படிக் கிடைக்கும்? நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதை விளங்கச் சொல்ல வேண்டுமானால், இந்தக் குள்ள மரத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அது பழைய கதை.

"போன்சாய்" என்பதற்குப் பொருள் ஒன்றும் பிரமாதமில்லை. தட்டில் நட்டது, அவ்வளவுதான். சொல் ஜப்பானுடையது, வித்தை சீனாவிலிருந்து போனது. சீனாவில் தாங் வம்சத்து இளவரசன் ஒருவனுடைய கல்லறை இருக்கிறது. கி.பி. 706-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் சுவரில், சின்னஞ்சிறு பாறைகளும் செடிகளும் வைத்த தட்டு ஒன்றைக் கையில் ஏந்தி வரும் பணியாளின் சித்திரம் தீட்டப்பட்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே பெரிய மனிதர்கள் வீட்டில் மலையையும் மரத்தையும் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் 1309-ஆம் வருஷத்துச் சித்திரச் சுருள் ஒன்றில் தொட்டி மரங்கள் காணப்படுகின்றன.

ஆனால் எனக்குப் பிடித்தது சித்திரமல்ல, ஒரு நாடகக் கதை. ஜப்பானியரின் "நோ" நாடகங்களில் ஒன்று. அதன் பெயருக்கே "தொட்டி மரங்கள்" என்றுதான் அர்த்தம். பனி கொட்டுகிற ராத்திரி. சொத்தையெல்லாம் பங்காளிகளிடம் பறிகொடுத்துவிட்ட ஓர் ஏழைப் போர்வீரனின் குடிசை வாசலில் ஒரு துறவி வந்து நிற்கிறார். கொடுக்கத் தினைச்சோறு இருக்கிறது. குளிர் காய விறகு இல்லை. செல்வமாயிருந்த காலத்தில் அவன் வளர்த்த மரங்களில் மிச்சம் மூன்று இருக்கின்றன: ஒரு பிளம், ஒரு செர்ரி, ஒரு பைன். அந்த மூன்றையும் வெட்டி அடுப்பில் வைத்துவிடுகிறான். வந்த துறவி மாறுவேஷம் போட்ட நாடாள்வோன், ஹோஜோ தொகியோரி. நம் ஊர்க் கதை மாதிரிதான். பின்னால் அவனை அழைத்து, எரித்த மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராமமாக மூன்று கிராமங்களைத் தருகிறான். பிளம், செர்ரி, பைன் என்ற பெயர்கள் அந்தக் கிராமங்களின் பெயர்களிலேயே இருக்கின்றன.

இது நடந்ததோ நடக்கவில்லையோ, இந்தக் கதையைக் கட்டியவனுக்குக் குள்ள மரத்தின் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. எரிவதற்கு அரை நாழிகை. வளர்வதற்கு ஒரு மனிதனுடைய பாதி ஆயுள். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாததால்தான் கிராமத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. போன்சாய்க் கடைக்காரர் நம்மிடம் கேட்பதும் இந்த வருஷக் கணக்கைத்தான். சட்டிக்கும் மண்ணுக்கும் செடிக்கும் ஆன செலவு அற்பம். யாரோ ஒருவர் பத்து வருஷம், இருபது வருஷம் தினம் தண்ணீர் ஊற்றி, கிள்ளி, கம்பி கட்டி, வேர் வெட்டியிருக்கிறார். அந்த வருஷங்களை நாம் ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறோம்.

அப்படியானால் வருஷத்தைச் சகாய விலைக்கு வாங்க முடியுமா? முடியும். ஜப்பானியர்களே அந்த வழியைத்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மலையுச்சியில், பாறை இடுக்கில், காற்றும் பனியும் அடித்து வளரவொட்டாமல் குறுகிப்போன கிழ மரங்கள் இருக்கும். அவற்றைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தார்கள். நூறு வருஷம் இயற்கை வளர்த்த மரம். மனிதன் செய்ததெல்லாம் ஏறி இறங்கியதுதான். மலையில் கிழ மரங்கள் அரிதாகிப்போன பிறகு தோட்டக்காரர்கள் வயலில் வளர்க்கலானார்கள். ஷிகோகு தீவில் தகாமத்ஸு என்ற ஊர்ப் பக்கம் நெல் வயல் மாதிரி பைன் வயல்கள் இருக்கின்றன. ஜப்பானின் பைன் போன்சாய்களில் பெரும் பகுதி அங்கிருந்துதான் வருகிறது. மரத்தை முதலில் தரையில் விட்டுத் தண்டைப் பருக்க வைக்கிறார்கள்; அதற்கப்புறம்தான் தட்டுக்கு மாற்றுகிறார்கள். தட்டுக்குப் போன மரம் சீக்கிரம் பருக்காது. இந்த ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொண்டவர்கள் போன்சாய் வாங்குவதில் ஏமாற மாட்டார்கள்.

1923-இல் பெரிய பூகம்பம் வந்து தோக்கியோ பாழானபோது, அங்கிருந்த போன்சாய்க்காரர்கள் சிலர் நகரத்தை விட்டுப் போய் 1925-இல் ஓமியா என்ற இடத்தில் தனிக் கிராமமே ஏற்படுத்திக்கொண்டார்கள். குடியேறுகிறவர்கள் ஒவ்வொருவரும் பத்து மரமாவது வைத்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக்கூடாது. மதிலுக்குப் பதில் பசுமையான வேலிதான். யார் வந்தாலும் வாசலைத் திறந்து காட்ட வேண்டும். நம் ஊர் வீட்டு வசதிச் சங்கங்களின் விதிகளைப் படித்து அலுத்தவர்களுக்கு இந்த விதிகள் ஆறுதலாயிருக்கும். யுத்தம் முடிந்த பிறகு, 1952-இல், யோஷிமுரா என்பவர் வெளிநாட்டாருக்கு வகுப்பு நடத்தத் தொடங்கினார். 1957-இல் இங்கிலீஷில் புத்தகமும் வந்தது. பிரபுக்கள் வீட்டு வித்தை மாதச் சம்பளக்காரர்களின் மாடிக்கு இறங்கி வந்த கதை அதுதான்.

நம் ஊருக்கு வருவோம்.

செடி வாங்குகிற பழக்கம் சென்னைக்குப் புதிதல்ல. கதீட்ரல் ரோட்டில் விவசாய-தோட்டக்கலைச் சங்கம் 1835-இல் ஏற்பட்டது. அங்கிருந்து ரோஜாவும் குரோட்டன்ஸும் வாங்கிப்போய் வாசலில் வைத்தவர்கள் பல தலைமுறை. அதை ஒட்டிய நிலத்தில் 1962-இல் ஒரு டிரைவ்-இன் ஹோட்டல் வந்தது. காருக்குள் உட்கார்ந்தபடியே தோசை தின்ற ஞாபகம் இன்னும் பலருக்கு இருக்கும். 2008-இல் அது மூடப்பட்டு, 2010-இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. ரோஜாவின் காலம் போய்க் குள்ள மரத்தின் காலம் வந்தது எப்போது என்று கேட்டால், வீடுகள் இடிந்து அடுக்கு மாடிகள் எழுந்த காலம் என்பேன். தோட்டம் போய்விட்டது, தோட்ட ஆசை போகவில்லை. நாலடிக்கு இரண்டடி பால்கனியில் ஆலமரம் வைக்க வேறு வழி என்ன?

இந்த ஆசைக்குத் தீனி போடக் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் நாற்றுப் பண்ணைகள் இருக்கின்றன. சென்னையில் விற்கிற செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமகேந்திரிக்கு அருகே கடியம் என்ற ஊரிலிருந்து லாரியில் வருகின்றன. அதற்கும் அப்பாலிருந்து வருவது ஒன்று உண்டு. கிழங்கு மாதிரி பருத்த வேர், தலையில் ஒரு கொத்து இலை, பீங்கான் கிண்ணம். கடை வாசலில் அழகாக உட்கார்ந்திருக்கும். சீனாவில் பூஜியான் மாகாணத்தில் லட்சக்கணக்கில் வளர்க்கப்படும் சரக்கு. இனம் என்னமோ நம் கல்லிச்சிதான். விதையிலிருந்து வேரைக் கொழுக்க வைத்து, மேலே வேறோர் இலையை ஒட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். லேசில் சாகாது, அது அதன் நல்ல குணம். ஆனால் ஒட்டுக் கட்டிய இடம் கழுத்தில் சுளுக்கு விழுந்த மாதிரி கடைசி வரைக்கும் தெரிந்துகொண்டேயிருக்கும். அதை மரம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பரிசு கொடுக்கலாம்.

ஏமாற்று என்று பார்த்தால் வேறு இரண்டு உண்டு. ஒன்று, சட்டி மண்ணின்மேல் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பது. பார்க்கச் சுத்தமாயிருக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. மூன்று மாதத்தில் மரம் போய்விடும்; கல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்று, உறையில் போட்டு விற்கும் "போன்சாய் விதை". போன்சாய் என்று ஒரு ஜாதி மரம் கிடையாது. எந்த மரத்து விதையும் போன்சாய் விதைதான். எந்த விதையும் போன்சாய் விதை அல்ல. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதிக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை. ஊசியிலை மரங்களையும் கேட்காதீர்கள். ஜூனிபருக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். சென்னையில் மனிதனுக்கே அது கிடைப்பதில்லை.

நாற்றுப் பண்ணைக்குப் போனால் முன்வரிசையைப் பார்க்காதீர்கள். நேரே பின்பக்கம் போங்கள். குழாயடியில், கிழிந்த பிளாஸ்டிக் பைகளில், விற்காமல் நாலைந்து வருஷம் கிடந்து, வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய், யாரோ ஒடித்ததில் தண்டு கோணலாகி நிற்கிற செடிகள் இருக்கும். வீட்டுக்கு நிழல் மரம் வாங்க வருகிறவர்களுக்கு அது கழிசல். நமக்கு அதுதான் சரக்கு. நேரான, அழகான கன்றின் விலையில் பாதிக்கு, எடுத்துப்போனால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள். குனிந்து அடிமண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். அடித்தண்டு பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து, வேர்கள் நாலு பக்கமும் கோழிக்கால் மாதிரி பரவியிருந்தால் பேரம் பேசலாம். வேர் பைக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கயிறாகி அடித்தண்டை நெரித்துக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். பட்டையை நகத்தால் இலேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். கிளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். அவற்றை வெட்டத்தானே போகிறோம்!

என்ன மரம் என்று கேட்டால், இச்சி, புளி, கொடுக்காப்புளி. இலை சிறிதாயிருப்பதால் சின்ன மரத்தில் பொருத்தமாயிருக்கும். ஆல் இலை பெரிதுதான். வெட்ட வெட்டச் சிறுக்கும். அரசு பிடிவாதக்காரன், இலையை லேசில் சுருக்கிக்கொள்ள மாட்டான்.

ஆனால் தென் சென்னையில் மிகச் சிறந்த போன்சாய்க் கடை, இடிக்கிற வீடு. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் பழைய வீடு ஒன்றைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள் என்றால், உள்ளே எங்கேயாவது ஒரு காகிதப்பூக் கொடி இருக்கும். தாத்தா காலத்தில் கேட்டின்மேல் படரவிட்டது. அடித்தண்டு தொடைப் பருமன் இருக்கும். நாளைக்கு அது குப்பை லாரியில் போகப் போகிறது. மேஸ்திரியிடம் போய்ப் பணிவாகக் கேட்டால், "எடுத்துக்க சார், எங்களுக்கு வேலை மிச்சம்" என்பார். கொடியையெல்லாம் கழித்துவிட்டு, முழங்கால் உயரக் கட்டையாக அறுத்து, கிடைத்த வேரோடு எடுத்து வந்து மணலில் வைத்தால், காகிதப்பூ அநேகமாகத் துளிர்த்துவிடும். ஐம்பது வருஷத்துத் தண்டு, ஆட்டோக் கூலியோடு முடிந்தது. ஜப்பான்காரன் மலையேறிக் கொண்டுவந்ததை நாம் இடிபாட்டிலிருந்து கொண்டுவருகிறோம். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அது நின்ற வீட்டையும் எனக்குத் தெரியும். அதன் வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மரம் மட்டும் மாசி, பங்குனியில் என் மாடியில் பூக்கிறது.

காட்டுக்குள் போய்த் தோண்டலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். குன்றின் பாறை இடுக்கில் நிற்கிற கிழ மரத்துக்கு அங்கே வேலை இருக்கிறது. சுவரில் முளைத்த மரத்தின் விஷயம் வேறு. அது எப்படியும் வெட்டப்படத்தான் போகிறது.

இங்கேதான் நொச்சிக்குப்பம் வருகிறது. மெரினாக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, சாந்தோம் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற மீனவர் குப்பம். பெயரே ஒரு செடியின் பெயர். ஜலதோஷம் பிடித்தால் நம் வீட்டுப் பாட்டிமார்கள் வெந்நீரில் போட்டு வேது பிடிக்கச் சொல்கிற அதே நொச்சிதான். பழந்தமிழ் இலக்கணத்தில் கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ அது. புறநானூற்றில் மோசிசாத்தனார் அந்தச் செடியை விளித்தே ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். கடற்கரையைச் சிங்காரிக்க வேண்டும் என்று ஆட்சியாளர்களுக்குத் தோன்றும்போதெல்லாம், 1985-இலும் அதற்குப் பின்னும், படகையும் வலையையும் அப்புறப்படுத்தச் சொன்னபோது காத்து நின்றவர்களின் குப்பத்துக்கு இந்தப் பெயர் தற்செயலாகத்தான் அமைந்திருக்க வேண்டும். 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி கடல் உள்ளே வந்தபோது மட்டும் காக்க எந்த மதிலும் இல்லை.

நொச்சி முதல் தரமான போன்சாய் மரம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சீனர்களுக்குத் தெரியும். அவர்கள் மலையடிவாரத்து நொச்சிக் கட்டைகளைத் தேடி எடுத்துத் தட்டில் வைக்கிறார்கள். தண்டு முறுக்கேறிக் கிழடு தட்டும். வெட்டினால் இலை சிறுக்கும். நீலப் பூ வேறு. நம் ஊரில் ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் செருகினால் போதும்.

இனி, சுவர் மரம். காக்கையும் மைனாவும் ஆலம்பழமும் அரசம்பழமும் தின்றுவிட்டு எங்கே உட்காருகின்றனவோ அங்கெல்லாம் விதை விழுகிறது. கடற்காற்றில் காரை பெயர்ந்த அடுக்குக் குடியிருப்புகளின் சன்ஷேடிலும், கழிவு நீர்க் குழாய் மூட்டிலும் ஓர் ஈரம் இருக்கும். கன்று வேர் விட அது போதும். மண் இல்லை, உரம் இல்லை, உப்புக் காற்று. பத்து வருஷம் ஆனாலும் முழ உயரந்தான்; ஆனால் அடித்தண்டும் வேரும் கிழவனுக்குரியவை. ஜப்பானியப் பாறை உச்சியில் நடப்பதெல்லாம் இங்கே மூன்றாம் மாடிக் குழாயில் நடக்கிறது. வேர் பருத்தால் சுவர் வெடிக்கும் என்பதால் எடுத்துப்போகிறவனை யாரும் தடுப்பதில்லை. மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது, பிடுங்காமல், உளியால் காரையைத் தட்டி, இரண்டங்குல வேராவது வருகிற மாதிரி எடுக்க வேண்டும். ஆடி, ஆவணி நல்ல காலம். ஆல் இனம் அடிபட்டாலும் பிழைத்துக்கொள்ளும். (கபாலி கோயில் கோபுரத்தில் முளைத்திருப்பதை அண்ணாந்து பார்க்காதீர்கள். அது தேவஸ்தானத்தின் வேலை.)

ஒரு தடவை மீன் வாங்கப் போனபோது, விற்கிற அம்மாளின் வீட்டு வாசலில் ஓர் ஆலமரத்தைப் பார்த்தேன். ஒன்றரை அடி உயரம். என் மணிக்கட்டைவிடப் பருத்த தண்டு. நாலைந்து விழுதுகள் மண்ணைத் தொட்டிருந்தன. விளிம்பு உடைந்த மீன் சட்டியில் இருந்தது. பழைய குடியிருப்பின் குழாயில் முளைத்ததாம். அதை இடித்துப் புதிதாகக் கட்டியபோது, வாடகை வீட்டுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு இதையும் தூக்கிக்கொண்டு போய், மறுபடியும் கொண்டுவந்திருக்கிறார்.

"என்ன விலைக்குக் கொடுப்பீங்கம்மா?" என்றேன்.

"வெலயா? இன்னா சார் கேக்கற! எம் பொண்ணு வயசுக்கு வந்தப்ப வச்சது. அரிசி கழுவற தண்ணி ஊத்தி வளத்தேன். இப்ப பேத்தி இஸ்கூலுக்குப் போவுது. அதுக்கெல்லாம் வெல போட்டு இம்மாந்துட்டுன்னு சொல்ல முடியுமா? மீன் வாங்கறதுன்னா வாங்கு. ஒடஞ்ச சட்டி வேணும்னா ஒண்ணு கீது, எட்த்துக்கினு போ."

போன்சாய் என்ற வார்த்தையை அவர் கேட்டிருக்க மாட்டார். அந்த மரத்தைக் கண்காட்சியில் வைத்தால் பரிசு வாங்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் விலை கேட்டதைவிட மோசமாகப் போயிருக்கும். அரைக் கிலோ சங்கராவும் உடைந்த சட்டியுமாக வீடு திரும்பினேன்.

அந்தச் சட்டி எனக்குப் பெரிய படிப்பினையாயிற்று. போன்சாய்த் தட்டு என்று கடையில் கேட்டால் மரத்தைவிட அதிக விலை சொல்கிறார்கள். மீன் குழம்புச் சட்டி அகலமும் ஆழமின்மையும் சேர்ந்து அதே வேலையைச் செய்கிறது. தண்ணீரில் ஊற வைத்து, அடியில் மூன்று துளை போட்டுவிட்டால் சரி. புதிதாகவே வேண்டுமென்றால் கொசப்பேட்டைக் குயவர்களிடம் அளவு சொல்லிச் செய்துகொள்ளலாம். மண்ணுக்கு, உடைத்துச் சலித்த செங்கல் துண்டு இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு. கிளை வளைக்கிற தாமிரக் கம்பி காயலான் கடையில் பழைய மின்சார ஒயராகக் கிடைக்கும். மேலுறையைச் சீவிவிட வேண்டும். கம்பி பட்டையில் பதியுமுன் அறுத்து எடுக்க மறக்கக் கூடாது. நம் வெயிலில் ஆல் வளர்கிற வேகத்துக்கு ஆறு வாரமே அதிகம்.

இந்த வேகந்தான் நமக்குள்ள பாக்கியம். பைன் மரத்துக்கு ஒரு கிளை தேற வருஷங்கள் ஆகும். சென்னைப் புழுக்கத்தில் ஆல் தட்டிலேயே விழுது விடுகிறது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விழுதின் மகிமை தெரியும். நானூற்றைம்பது வருஷத்து மரம் என்கிறார்கள். 1989-இல் புயற்காற்றில் தாய்த் தண்டு சாய்ந்துவிட்டது. விழுதுகள் மரமாகி இன்னும் நிழல் தருகின்றன. புதிதாகக் குள்ள மரம் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் அங்கே போய் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். கிளை எப்படிக் கிடைமட்டமாகப் போகிறது, விழுது எந்த இடத்தில் இறங்குகிறது என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை. கம்பியைக் கையில் எடுக்கும்போது கண்முன் ஒரு நிஜ மரம் இருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. செங்கல் கலவை சீக்கிரம் உலர்ந்துவிடும். சாதாரண நாளில் ஒரு வேளை. அக்கினி நட்சத்திரத்தில் காலையும் மாலையும். கடலோர வீடானால் வாரம் ஒருமுறை இலையின்மேல் நல்ல தண்ணீரைத் தெளித்து உப்பைக் கழுவிவிட வேண்டும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் சட்டிகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமி என் மரங்களை வாங்கிக்கொள்கிறாள். பதிலுக்கு அவள் திருச்சிக்குப் போகும்போது பூனைக்குப் பால் ஊற்றுகிற வேலை என்னுடையது. பூனைக்கு இச்சி மரத்தடியில் படுக்கப் பிடித்திருக்கிறது. மரம் அதைவிடக் கொஞ்சம் சிறியது.